விளைச்சலும் வறுமையும்: தாம்பரம் வட்டாரத்தின் நிலக்கணக்கு

ஏக்கருக்கு விளையும் நெல் கூடினால் ஊரில் ஏழ்மை குறையுமா? வளரும் நாடுகளின் பொருளாதாரத்தை ஆராய்பவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். காலின் தர்ட்டில், லின் லின், ஜெனிஃபர் பீஸ் ஆகிய மூவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக எடுத்தாளப்படுகிறது. பயிர் உற்பத்தித்திறன் 1 சதவீதம் உயர்ந்தால் ஏழைகளின் எண்ணிக்கை ஆப்பிரிக்காவில் 0.72 சதவீதமும் ஆசியாவில் 0.48 சதவீதமும் குறைகிறது என்பது அதன் கணக்கு. அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. லத்தீன் அமெரிக்காவில் விளைச்சல் கூடியும் ஏழைகளுக்குப் பலன் போய்ச் சேரவில்லை. அங்கே நிலவும் கடும் ஏற்றத்தாழ்வு அதைத் தடுத்துவிட்டது.

ஆக, விளைச்சலுக்கும் வறுமைக்கும் இடையே சில வாய்க்கால்கள் இருக்கின்றன. அவை திறந்திருந்தால்தான் கழனியில் விளைந்தது குடிசை வரை போகும். அந்த வாய்க்கால்கள் எவை, எப்போது திறந்தன, எப்போது அடைபட்டன என்பதை அறிய மெக்சிகோவுக்கோ கென்யாவுக்கோ போக வேண்டியதில்லை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள பழைய செங்கல்பட்டு நிலப்பரப்பே போதும். கடந்த 250 ஆண்டுகளில் இந்த அளவுக்கு அளக்கவும் எழுதவும் வழக்காடவும் பட்ட விவசாய வட்டாரங்கள் இந்தியாவில் குறைவு.

ஏரியும் களத்துமேடும்

இன்று அடுக்குமாடிகளின் பெயர்ப்பலகைகளில் படிக்கும் செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், சேலையூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர், மணிமங்கலம் எல்லாம் ஏரியை வைத்துப் பிழைத்த ஊர்கள். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். கிழக்குப் பக்கத்து ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேரும். மேற்குப் பக்கத்து உபரி அடையாற்றில் கலக்கும். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத் துறையின் கணக்கில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு. மதகு திறந்தால் சம்பா, தண்ணீர் மிச்சமிருந்தால் நவரை, கோடையில் சொர்ணவாரி என்று மூன்று பட்டங்களையும் அந்த ஏரிகளே தீர்மானித்தன.

ஆற்காடு நவாப் இந்தப் பகுதியை 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதன்பின் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 தொடங்கி 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், வீடு, விளைச்சல், பங்கீடு எல்லாவற்றையும் பதிவுசெய்தார். வரலாற்று ஆய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களின் மீது வெளிச்சம் பாய்ச்சினார். சென்னையிலுள்ள ஆய்வாளர்கள் பின்னர் அவற்றை விரிவாக ஆராய்ந்தார்கள். மரக்கால், கலம் என்ற பழைய அளவுகளை இன்றைய கிலோவாக மாற்றுவதில் பிழை நேர இடமுண்டு. பங்கீட்டு முறையோ ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது.

நெல் களத்துமேட்டில் குவிந்ததும் அரசுக்கும் உரிமைக்காரருக்கும் அளப்பதற்கு முன்பே கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், கோயில் என்று ஒவ்வொருவருக்கும் 'மேரை' எடுத்து வைக்கப்பட்டது. விளைந்தது கூடினால் மேரையும் கூடும். விளைச்சலிலிருந்து வீட்டுக்குப் போன முதல் வாய்க்கால் அதுதான். அதே களத்துமேட்டில் உழுது, நட்டு, அறுத்த படியாளுக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறியது. அவனுக்கு நிலத்தில் உரிமை இல்லை. ஊரை விட்டுப் போகும் உரிமையும் பல இடங்களில் இல்லை. மேரை முறையை நினைத்து ஏங்குபவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1891: ஒரு கலெக்டரின் அறிக்கை

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அந்த இரண்டாம் பாதியை அப்பட்டமாகக் காட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக 1877-78-இல் வெட்டப்பட்டது. பஞ்ச காலத்திலும் மாகாணத்திலிருந்து தானியம் வெளியேறிக்கொண்டிருந்தது. வாங்கக் காசில்லாதவனுக்குச் சந்தையில் இருக்கும் தானியம் இல்லாத தானியமே. 1981-இல் அமர்த்தியா சென் வறுமையையும் பஞ்சத்தையும் பற்றி எழுதிய நூல் இதையே ஒரு கோட்பாடாக வகுத்தது.

பஞ்சம் ஓய்ந்து பல ஆண்டுகள் கழித்து, 1891-இல், செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். மாவட்ட மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் அவர்கள். கழனி வேலையின் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. பட்டா அவர்கள் கையில் இல்லை. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனுப் போட்டால், அந்த ஊரின் மிராசுதாருக்கும் பட்டாதாருக்கும் முன்னுரிமை என்று விதி குறுக்கே நின்றது. குடிசை போட்டிருந்த மனைக்கட்டும் மிராசுதாருடையது என்று சொல்லப்பட்டது. கூலியைக் கூட்டிக் கேட்டால் குடிசையையே காலி செய்ய வேண்டி வரும்.

வறுமை எப்படி உற்பத்தியாகிறது என்பதை இந்த ஒரு விவரம் காட்டிவிடுகிறது. நெல் எவ்வளவு விளைந்தாலும், பேரம் பேசத் திராணி இல்லாதவனின் கூலி ஏறாது. குடியிருக்கும் மனை சொந்தமில்லாதவனுக்குப் பேரம் பேசத் திராணி எங்கிருந்து வரும்?

அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை 1010 பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு அது. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்றது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருந்தது, நிலம் பல ஊர்களில் கைமாறிவிட்டது. நூறு ஆண்டுக்குப் பிறகு, 1994 அக்டோபரில், மாமல்லபுரம் அருகிலுள்ள காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தின்போது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். நிலமும் வறுமையும் பற்றிப் பேசும்போது இந்த மாவட்டத்தில் இது பழங்கதை ஆகிவிடவில்லை.

திரூர்க்குப்பத்தின் விதை

1960-களின் நடுவில் நாடே தானியத்துக்குக் கையேந்தி நின்றது. அமெரிக்கக் கப்பலில் வரும் கோதுமையை எதிர்பார்த்து ரேஷன் கடைகள் இயங்கின. மத்திய உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்குமதி செய்ய முடிவெடுத்தார். அதே ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐஆர் 8 நெல்லை வெளியிட்டது. ஆடுதுறை 27 அதற்கு முந்தைய ஆண்டிலேயே தமிழகக் கழனிகளுக்கு வந்திருந்தது.

ஐஆர் 8 குட்டையானது. உரம் போட்டால் சாயாது. ஆனால் பூச்சியும் நோயும் அதை எளிதில் தாக்கின. அதன் குறையைத் தீர்க்க 1969-இல் வந்தது ஐஆர் 20. அதன் பெற்றோரில் ஒன்று டிகேஎம் 6. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ரகம் அது. தண்டு துளைப்பானைத் தாங்கும் குணம் ஐஆர் 20-க்கு அதனிடமிருந்தே வந்தது. பின்னால் ஆசியா முழுவதும் கோடிக்கணக்கான ஏக்கரில் பரவிய ஐஆர் 36-இன் வம்சாவளியிலும் டிகேஎம் 6 இருக்கிறது. நம் மாவட்டத்து விதை உலகத்தின் பசியை ஆற்றியிருக்கிறது. இதைப் பள்ளிப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தால் நல்லது.

புதிய ரகமும் பம்புசெட்டும் யூரியாவும் சேர்ந்து ஏக்கருக்குக் கண்ட மூட்டைகளைப் பெருக்கின. ஏழைக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்விக்குப் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களிலிருந்து இரண்டு விடைகள் வந்தன.

அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மெஞ்சர் செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆராய்ந்தார். அவருடைய நூல் 1978-இல் வந்தது. நிலமும் பம்புசெட்டும் வைத்திருந்தவர்களே பலனில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார்கள், நிலமற்ற கூலிகளின் நிலை அதற்கு ஏற்ப உயரவில்லை என்பது அவர் கண்டது.

வட ஆற்காட்டுக் கிராமங்களை 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பத்தாண்டு கழித்து அதே வட்டாரத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் திரும்பிப் போயின. பீட்டர் ஹேஸலும் சி. ராமசாமியும் 1991-இல் வெளியிட்ட நூல் அந்த மறு ஆய்வின் பயன். சிறு விவசாயிகளும் நிலமற்றவர்களும் உண்மையிலேயே முன்னேறியிருந்தார்கள் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். விவசாயத்தில் கூடிய ஒவ்வொரு ரூபாய் வருமானமும் அந்த வட்டாரத்தின் மற்றத் தொழில்களில் மேலும் 87 பைசாவை உண்டாக்கியது என்பது அவர்கள் கணக்கு. நெல் விற்ற காசு டீக்கடைக்கும் துணிக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் அரிசி ஆலைக்கும் போனது. அங்கே வேலை பிறந்தது. கழனியில் ஆள் கிடைப்பது கடினமானதும் கூலி ஏறியது.

இரண்டு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். காலத்தை வைத்துப் பார்த்தால் அது புரியும். மெஞ்சர் பார்த்தது விளைச்சல் கூடத் தொடங்கிய முதல் ஆண்டுகளை. ஹேஸலும் ராமசாமியும் பார்த்தது அது ஊரெங்கும் சுற்றி வந்த பிறகான நிலையை. இந்தியாவின் பல பத்தாண்டுப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த கௌரவ் தத், மார்ட்டின் ரவல்லியன் இருவரும் 1998-இல் சொன்னதும் இதையே. விளைச்சல் உயர்வு உடனடியாக வறுமையைக் குறைப்பது கொஞ்சம். கூலி உயர்ந்து, உணவு விலை இறங்கிய பிறகு நாளடைவில் குறைப்பது மிக அதிகம்.

கூலியும் ரேஷன் அரிசியும்

தமிழ்நாட்டில் இந்த 'நாளடைவு' தானாக வந்துவிடவில்லை. வாய்க்காலை வெட்டியது அரசியல். 1967-இல் அண்ணாவின் அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டது. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. கழனி நெல்லைக் கொள்முதல் செய்து ரேஷன் கடைக்குக் கொண்டுபோகும் வேலை அதனுடையது. 1956-இல் காமராஜர் தொடங்கி 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவும், 2008-இன் கிலோ ஒரு ரூபாய் அரிசியும், 2011 முதல் வழங்கப்படும் விலையில்லா அரிசியும் அந்தத் தொடரில் வந்தவை. ஏழை, ஏழையல்லாதவர் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் ரேஷன் என்று தமிழ்நாடு உறுதியாக நின்றது.

உபரி நெல் இல்லாமல் இவை எதுவும் நடந்திருக்காது. இவை இல்லாமல் உபரி நெல் ஏழை வீட்டு அடுப்புக்கும் போயிருக்காது. வீட்டில் இருபது கிலோ அரிசி இருக்கிற கூலிக்காரப் பெண், பசிக்காகக் கிடைத்த கூலிக்கு நடவுக்குப் போக வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபடுகிறாள். கூலி கட்டாது என்று சொல்லும் தைரியம் அவளுக்கு வருகிறது. 1891-இல் இல்லாத பேரம் பேசும் திராணி இந்த அரிசியிலிருந்து பிறந்தது.

இங்கே தாம்பரத்துக்குத் தனி வசதி ஒன்றும் இருந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. பிறகு மறைமலைநகர், ஒரகடம், பழைய மகாபலிபுரம் சாலை என்று வேலை தேடிப் போகும் திசைகள் பெருகின. கழனிக் கூலி வீட்டுப் பிள்ளைகள் ரயிலேறியும் கம்பெனி பஸ் ஏறியும் போனார்கள். நிதி ஆயோக் கணக்கின்படி 2019-21-இல் பல்பரிமாண வறுமையில் இருந்தவர்கள் தமிழ்நாட்டில் 2.2 சதவீதம் மட்டுமே. இந்த எண்ணுக்குப் பின்னால் விதையும் ரேஷனும் பள்ளிக்கூடமும் ரயிலும் சேர்ந்தே நிற்கின்றன.

ஓர் ஏக்கரின் கணக்கு

இன்றைய நிலையை ஓர் ஏக்கரை வைத்துப் பார்க்கலாம். மணிமங்கலம், படப்பைப் பக்கம் இன்னும் நெல் நடுகிறார்கள். ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டுமுதல் என்று வைத்துக்கொள்வோம். 2025-26-இல் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகையோடு 2,500 ரூபாய். ஆக வரவு 50,000. அந்த ஆதரவு விலையை நிர்ணயிக்க மத்திய அரசு எடுத்துக்கொண்ட செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். அதன்படி செலவு 31,580. மிச்சம் 18,420 ரூபாய். நாற்றுவிட்டது முதல் அறுப்பு வரை நான்கு மாதம் என்றால் மாதத்துக்குச் சுமார் 4,600 ரூபாய். குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கு இதிலும் குத்தகை போக வேண்டும்.

இப்போது விளைச்சலை 10 சதவீதம் கூட்டிப் பார்ப்போம். இரண்டு குவிண்டால் கூடுதல். செலவு ஒரு பைசாவும் கூடவில்லை என்றாலும் 5,000 ரூபாய். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த அளவு நிலத்தில் விளைச்சல் மட்டும் கூடி ஒரு குடும்பம் வறுமையைத் தாண்டிவிடாது.

அதே ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்கும் பூங்காவுக்கும் தாராளமாக விட்டு, பாதியே மனையாகி, சதுர அடி 1,000 ரூபாய் என்று குறைத்து மதிப்பிட்டாலும் இரண்டு கோடிக்கு மேல். நெல்லால் இதோடு போட்டி போட முடியாது. ஏரியின் ஆயக்கட்டு மனைப்பிரிவாக மாறியதன் முழுக் காரணமும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

வறுமையைப் பற்றிப் பேசுபவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. நெல் விளைந்தால் அதில் நடவாளுக்கும் களையெடுத்தவருக்கும் அறுத்தவருக்கும் ஏதோ ஒரு பங்கு போகும். நிலத்தின் விலை ஏறினால் பட்டாதாருக்கு மட்டுமே பலன். தலைமுறை தலைமுறையாக அந்தக் கழனியில் உழைத்த குடும்பத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர்செய்பவர்கள் சுமார் 42 லட்சம், விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். நிலம் மனையாகும்போது இந்தப் பெரும் பகுதியினர் வெறுங்கையோடு நிற்கிறார்கள். 1892-இல் கொடுத்த நிலம் கைமாறாமல் இருந்திருந்தால், புறநகரின் நிலமதிப்பு உயர்வில் ஒரு பகுதியாவது அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் போயிருக்கும். பஞ்சமி நிலப் பிரச்சினை வெறும் பழைய நியாயம் சம்பந்தப்பட்டது அல்ல. இன்றைய வறுமையோடு நேரடித் தொடர்புடையது.

மிச்சமுள்ள கழனியிலும் கூலி வாய்க்கால் சுருங்கிவிட்டது. பதினைந்து இருபது பேர் ஒரு நாள் அறுத்த ஏக்கரை அறுப்பு மிஷின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. களைக்கொல்லி வந்த பிறகு பெண்களின் களையெடுப்பு நாட்களும் குறைந்தன. ஆள் கிடைக்காததால் மிஷின் வந்தது என்பது உண்மை. வேறு வேலைக்குப் போக முடியாத ஐம்பது வயதுப் பெண்ணுக்கு மிஷினால் வேலை போனது என்பதும் உண்மை. ஏக்கருக்கு எவ்வளவு என்ற கணக்கோடு, ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கையும் போட்டால்தான் யார் பின்தங்குகிறார்கள் என்பது தெரியும்.

கழனி போன இடத்தில் இன்னோர் இழப்பும் நேர்ந்தது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மழைநீர் தங்கி வடிய இடம் தந்த தாழ்வான வயல்களில் இன்று வீடுகள். தாழ்வான இடம் மலிவாகக் கிடைக்கும். எனவே கையில் குறைவாக உள்ளவரே அங்கே வீடு கட்டுகிறார், வெள்ளத்திலும் அவரே முதலில் இழக்கிறார்.

செய்ய வேண்டியவை

இந்த வட்டாரத்தின் வரலாறு ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறது. விளைச்சல் உயர்வு வறுமையைக் குறைக்கும். ஆனால் நிலவுரிமை, கூலி, உணவு விலை ஆகிய மூன்று வழிகளும் திறந்திருக்க வேண்டும். 1891-இல் மூன்றும் அடைபட்டிருந்தன. 1970-களுக்குப் பிறகு கூலியும் உணவு விலையும் திறந்தன, தமிழ்நாடு நிமிர்ந்தது. நிலவுரிமை இன்றும் திறக்கவில்லை.

எனவே அரசு செய்ய வேண்டியவை நான்கு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் பஞ்சமி நிலங்களைச் சர்வே எண் வாரியாக வெளியிட்டு, உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மனையாகிவிட்ட இடத்தில் ஈடாவது கொடுக்க வேண்டும். நீர் நிற்கும் ஏரிகளின் கீழ் எஞ்சியிருக்கும் ஆயக்கட்டை மனைப்பிரிவாக மாற்ற அனுமதி தரக் கூடாது. அதற்கு மாறாக, வெள்ளத்தைத் தாங்கும் நிலம் என்ற கணக்கில் அந்த விவசாயிக்கு ஆண்டுத்தொகை வழங்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் நனையும் முன்பே எடை போட வேண்டும், குத்தகைக்காரரும் தம் பெயரில் விற்க வழி செய்ய வேண்டும். கழனி வேலை இழந்த பெண்களுக்கு ஏரி, வாய்க்கால் பராமரிப்பு வேலைகளை ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஊதியத்தோடு தர வேண்டும்.

புது ரக நெல்லைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் நம்மிடம் இருக்கிறார்கள். திரூர்க்குப்பம் அதை உலகுக்கு நிரூபித்துவிட்டது. விளைந்ததைப் பங்கிடுவது அரசின் கடமை, அதை அரசிடம் கேட்டுப் பெறுவது நம் கடமை. தாம்பரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பழைய கழனிகளின் மேல் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கோரிக்கைக்குக் குரல் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.